மடையன் யார்? – ஒரு சொல்லாய்வும் சில சிந்தனைகளும்

முன்னுரை

நாள்தோறும் வீட்டிலும் வீதியிலும் வகுப்பறையிலும் நாம் கேட்கும் வசைச்சொற்களுள் 'மடையன்' என்பதும் ஒன்று. தந்தை மகனைக் கடியும்போதும், வண்டியோட்டி எதிரே வருவோனை ஏசும்போதும், நண்பர் இருவர் நகையாடும்போதும் இச்சொல் எளிதாக வந்து விழுகிறது. சொல்வோரும் கேட்போரும் அது எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு சொல்லின் பிறப்பை ஆராய்வது வெறும் அகராதி வேலையன்று. அச்சொல்லை வழங்கும் மக்களின் வாழ்வையும் நினைவையும் மறதியையும் அது நமக்குக் காட்டும். ஏரிகளாலும் கடற்கரையாலும் பெயர்பெற்ற செங்கல்பட்டுப் பகுதியை நிலைக்களனாகக் கொண்டு இவ்வசைச்சொல்லின் வரலாற்றையும், அது சுட்டும் மடமையின் இயல்பையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாய்மொழியாக வழங்கும் கதை

மடையன் என்ற சொல்லுக்கு மேடைகளிலும் நாளேடுகளிலும் ஒரு விளக்கம் பரவலாகக் கூறப்படுகிறது. அக்கால ஏரிகளின் மடையைத் திறப்பதற்கென்றே ஊரில் ஆட்கள் இருந்தனராம். பெருமழையில் ஏரி நிரம்பிக் கரை உடையும் நிலை வரும்போது, அவர்கள் கொந்தளிக்கும் நீருள் மூழ்கிச் சென்று மடையைத் திறப்பராம். திறந்த மடையின் இழுப்பில் சிக்கி மாண்டவர் பலராம். ஊருக்காக உயிரைப் பணயம் வைத்த அவர்களே 'மடையர்' எனப்பட்டனர் என்றும், பிற்காலத்தார் நன்றி மறந்து அப்பெயரை இழிசொல் ஆக்கினர் என்றும் அவ்விளக்கம் கூறும்.

செங்கல்பட்டுப் பகுதியில் இக்கதையைக் கேட்போர் எளிதில் நம்புவர். இந்நிலமே ஏரிகளின் நிலம். மதுராந்தகம், கொளவாய், உத்திரமேரூர், செம்பரம்பாக்கம் என நீளும் ஏரிகள் எல்லாம் 1997ஆம் ஆண்டு பிரிவினைக்கு முன்னர் இருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. வடகிழக்குப் பருவமழையைத் தேக்கி, ஓர் ஏரியின் மிகைநீர் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரியை நிரப்புமாறு சங்கிலித்தொடராக அமைந்தவை. மாமல்லபுரத்துக் கற்றளிகளைத் தந்த பல்லவர் ஏரிகளையும் தந்தனர். முதலாம் பரமேச்சுரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு, பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு வாய்க்கால் வழியாகப் பரமேச்சுர தடாகத்துக்கு நீர் வந்த செய்தியைக் கூறுகிறது.

ஏரிக்கரைக்கு உட்புறத்தே நீருக்குள் இரு கல்தூண்களை நாட்டி, குறுக்கே கற்பலகைகளைச் செருகி, அடியில் உள்ள துளையைக் கூம்பு வடிவான அடைப்பினால் மூடியிருப்பர். இதற்குக் குமிழித்தூம்பு என்று பெயர். நீரை வெளிவிட நீரோடித் துளையும் சேற்றை வெளிவிடச் சேறோடித் துளையும் இதில் உண்டு. ஏரி நிரம்பிய காலத்தில் அதனை இயக்குவது அஞ்சத்தக்க பணியே. ஆதலால் கதையில் வரும் தொழிலும் மெய்; அதன் இடரும் மெய். சொற்பிறப்பு மெய்யா என்பதே கேள்வி.

சொல்லாய்வு காட்டும் உண்மை

ஒரு சொற்பிறப்பு விளக்கத்தை ஏற்க மூன்று சான்றுகள் வேண்டும். சொல்லின் வடிவம் பொருந்த வேண்டும். பழைய வழக்கில் அப்பொருளுக்கு இடம் காட்டப்பட வேண்டும். பொருள் மாறிய வழி தெளிவாக இருக்க வேண்டும். மடை திறந்தோர் கதையை இம்மூன்று உரைகல்லிலும் உரைத்துப் பார்ப்போம்.

முதலாவது வடிவம். மடையனின் செயலை நாம் 'மடத்தனம்' என்கிறோம், 'மடைத்தனம்' என்பதில்லை. 'மடப்பயல்' என்கிறோம், 'மடைப்பயல்' என்பதில்லை. வீட்டுப் பெரியோர் செல்லமாக ஏசும் 'மடச்சாம்பிராணி'யிலும் நிற்பது 'மட' என்னும் அடியே. நீர் பாயும் மடையோடு இவற்றுக்குத் தொடர்பில்லை. வெள் என்னும் அடி வெள்ளை ஆகி, வெள்ளையன் என ஆட்பெயர் ஆவதைப் போல, மட என்னும் அடி ஐகாரமும் அன் ஈறும் பெற்று மடையன் ஆயிற்று எனக் கொள்வதே இயல்பானது. அண்டை மொழியாகிய மலையாளத்திலும் இச்சொல் அறிவிலி என்ற பொருளிலேயே வழங்குகிறது.

இரண்டாவது பழைய வழக்கு. மட என்னும் அடிக்கு இளமை, மென்மை, அறியாமை என்னும் பொருள்கள் மிகப் பழமையானவை. மடமான், மடவன்னம் என்பவற்றில் இளமையும் மென்மையும் தோன்றும். பெண்மைக்குரிய நாற்பண்புகளாக முன்னோர் எண்ணியவற்றுள் ஒன்றாகிய மடமும் இதுவே. வள்ளுவர் 89ஆம் குறளில் மடமை, மடவார் என்னும் இரு சொற்களையும் ஒருங்கே ஆள்கிறார். செல்வம் இருந்தும் விருந்தோம்பாதவனை அறிவிலி என அக்குறள் கருதுகிறது. 153ஆம் குறளிலோ மடவாரைப் பொறுத்துக்கொள்வதே வலிமையுள் வலிமை என்கிறார். ஆகவே அறிவிலி என்னும் பொருள் வள்ளுவர் காலத்திலேயே இவ்வடியில் வேரூன்றி நின்றது. அதனைப் பிற்காலத்தார் நன்றி மறந்து உண்டாக்கினர் என்பதற்கு இடமில்லை.

மூன்றாவது பொருள் மாற்றம். ஏரி நீரைக் காத்துப் பங்கிட்ட ஊழியரை ஊரார் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, நீராணிக்காரர், மடைக்குடும்பர் என வட்டாரத்துக்கு ஒரு பெயரால் அழைத்தனர். அவர்களை மடையர் என அழைத்ததற்குக் கதை கூறுவோர் ஓர் இலக்கிய இடமோ கல்வெட்டோ காட்டுவதில்லை. வீரர் பெயர் வசையாக மாறிய இடைவழியும் இல்லை.

இன்னொரு மடையனும் தமிழில் உண்டு. அவன் சமையற்காரன். மடை என்பதற்கு நீர்மடை என்பதோடு சமைத்த உணவு, தெய்வத்துக்கு இடும் படையல் என்னும் பொருள்களும் உள. கோயிலின் சமையற்கூடம் இன்றும் மடைப்பள்ளி எனப்படுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி மடையன் என்பதற்குச் சமையற்காரன் என்ற பொருளையும் அறிவிலான் என்ற பொருளையும் தருகிறது. இவை ஒலியால் ஒன்றுபட்டுப் பிறப்பால் வேறுபட்டவை.

செங்கல்பட்டை அடுத்த பொன்விளைந்த களத்தூரைச் சேர்ந்தவராகக் கூறப்படும் புகழேந்திப் புலவர், தம் நளவெண்பாவில் 'மடைத்தொழில்' என்ற சொல்லை ஆள்கிறார். நாடிழந்து உருமாறிய நளன், வாகுவன் என்னும் பெயரோடு அயோத்தி மன்னனிடம் செல்லும் இடம் அது. தேரோட்டும் தொழிலிலும் சமையல் தொழிலிலும் தான் வல்லவன் என்று அவன் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறான். ஆழ்ந்து நோக்கின் இவ்விடம் சுவையானது. அடுப்பங்கரையில் நின்ற நளன் மடைத்தொழில் வல்லவனே அன்றி அறிவிலி அல்லன். அரியணையில் வீற்றிருந்து, தோற்கத் தோற்க மேலும் பணயம் வைத்துச் சூதாடிய நாளிலேதான் அவனிடம் மடமை குடிகொண்டிருந்தது. தொழில் ஒருவனை மடையன் ஆக்குவதில்லை; செயலே ஆக்குகிறது.

பரமார்த்த குருவின் சீடர்

மடையன் என்ற சொல்லை ஒரு பாத்திரத்தின் பெயராகவே ஆக்கியவர் வீரமாமுனிவர். 18ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையில் குருவுக்குச் சீடர் ஐவர். அவர்தம் பெயர்கள் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். அறிவின்மைக்குத் தமிழர் வைத்திருந்த பெயர்களை ஒரு மடத்தில் கூட்டிவைத்தாற்போன்ற அமைப்பு அது. இந்நூல் பாபிங்டன் என்பாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1822இல் இலண்டனில் அச்சேறியது.

இக்கதையின் தொடக்கத்திலேயே மடமையின் இருபெரும் இலக்கணங்கள் காணக்கிடக்கின்றன. குருவும் சீடரும் ஓர் ஆற்றங்கரைக்கு வருகின்றனர். ஆறு விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்று அறிய ஒரு கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கின்றனர். கொள்ளி சீறிப் புகைந்தது கண்டு, ஆறு விழித்திருக்கிறது என அஞ்சி ஓடுகின்றனர். பின்னர் அவிந்துபோன அதே கட்டையைத் தோய்க்க, ஓசை எழவில்லை. ஆறு உறங்கிவிட்டது எனத் துணிந்து கடக்கின்றனர். அக்கரை சேர்ந்தபின் ஆளெண்ணிப் பார்க்கின்றனர். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒருவர் குறைகிறது. ஆறு ஒருவரை விழுங்கிவிட்டது என்று அழுகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் ஒவ்வொருவர் முதுகிலும் தட்டிப் பெயர் சொல்லச் செய்த பின்னரே கணக்கு நேராகிறது.

தன்னை எண்ண மறக்கும் இக்கதை உலகப் பொதுவானது. முல்லா நஸ்ருத்தீன் தாம் ஏறியிருந்த கழுதையை விட்டுவிட்டு மற்றைக் கழுதைகளை எண்ணிக் கலங்கியதாகக் கீழை நாடுகளில் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் கோத்தம் ஊரார் மேல் இதே கதையை ஏற்றிக் கூறுவர். நாடும் சமயமும் மொழியும் வேறுபட்ட மக்கள் இதனைத் தனித்தனியே போற்றி வைத்திருப்பதன் காரணம் எளிது. உலகில் உள்ள மடையர்களை எண்ணத் தொடங்கும் எவரும் முதலில் விட்டுவிடும் தலை தம்முடையதே.

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுச் சிற்பத் தொகுதியில் ஒரு பூனை பின்கால்களில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்கிறது. அதன் அடியில் எலிகள் அச்சமின்றி நிற்கின்றன. பூனையின் வஞ்சகத்தைக் காட்டிச் சிரிப்போர் பலர். எலிகளின் நம்பிக்கையில் தம் முகத்தைக் காண்போர் சிலர். கற்றவர்க்கும் இதில் விலக்கில்லை. ஓதியும், உணர்ந்தும், பிறர்க்கு எடுத்துரைத்தும், தான் அதன்படி அடங்கி ஒழுகாதவனைப் போன்ற பேதை வேறில்லை என்னும் பொருள்பட வள்ளுவர் 834ஆம் குறளை யாத்தார். கல்லூரி வாயிலில் எழுதிவைக்கத் தக்க எச்சரிக்கை அது.

புறம்போக்கு – நீர்நிலையோடு பிணைந்த வசை

மடையன் என்ற சொல் ஏரியில் பிறக்கவில்லை. ஆனால் ஏரியோடு மெய்யாகவே தொடர்புடைய வசைச்சொல் ஒன்று நம்மிடம் உண்டு. அதுவே 'புறம்போக்கு'. ஒரு மனிதனை எதற்கும் பயன்படாதவன் என்று இகழ இச்சொல்லைப் பயன்படுத்துகிறோம். நிலவருவாய்த் துறையின் வழக்கில் புறம்போக்கு என்பது வரி விதிப்புக்குப் புறத்தே நிறுத்தப்பட்ட பொதுநிலம். ஏரியின் நீர்பிடிப்பு, வாய்க்கால், மேய்ச்சல் தரை, களம், சாலை, இடுகாடு எல்லாம் அதில் அடங்கும். எவருக்கும் தனியுரிமை இல்லாதது, எல்லோருக்கும் இன்றியமையாதது. எல்லோர்க்கும் உரியதைக் குறித்த சொல், எதற்கும் உதவாததைக் குறிக்கும் சொல்லாக மாறியது. ஒரு சமுதாயத்தின் மதிப்பீடு எவ்வாறு திரிந்தது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

முன்னோர் அப்பொதுநிலத்தை இவ்வாறு கருதவில்லை. உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகச் சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அங்கே ஏரியைக் காக்க அறுவர் கொண்ட ஏரி வாரியம் ஒன்று தனியே தேர்ந்தெடுக்கப்பட்டது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் அமர இயலாது. சபையில் இடம்பெற்றோர் ஊரில் ஒரு சாராரே என்பது உண்மை. ஆயினும் பொதுச்சொத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் விதி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டப்பட்டிருந்ததும் உண்மை.

ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராக அளித்தார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், வேடந்தாங்கல் ஏரியில் தங்கும் பறவைகளைக் காக்கும் ஊராரின் உரிமையை 1798இல் எழுத்தால் ஏற்றார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவ்வூரார் அறிந்திருந்தனர். மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் நின்றதற்கு அவ்வூர் இராமரே காவல் நின்றார் என்றும், அதனைக் கண்டு இக்கலெக்டர் வியந்தார் என்றும் ஒரு மரபுச் செய்தி உண்டு. ஏரிகாத்த இராமர் என்னும் பெயர் அங்ஙனம் வழங்குகிறது. அக்கதையில் தெய்வத்துக்கு இடமுண்டு, அதிகாரிக்கும் இடமுண்டு. மழையிரவில் மண்ணும் வைக்கோலும் சுமந்து கரையில் நின்ற கூலியாளுக்கு மட்டும் பெயரில்லை. மடை திறந்தோர் கதை மக்களின் நெஞ்சைத் தொடுவதன் காரணமும் இதுவே. சொற்பிறப்பு என்ற வகையில் அது பிழை. பெயரின்றி மறைந்த உழைப்பாளர்க்குச் செலுத்தும் நன்றி என்ற வகையில் அது நேர்மையான உணர்ச்சி. அந்நன்றியைச் செலுத்தப் பொய்யான சொற்பிறப்பு தேவையில்லை. நீர்க்கட்டி என்ற மெய்யான பெயரைப் பாடத்தில் சேர்த்தாலே போதும்.

ஆறு உறங்குகிறதா?

அறியாமை வேறு, மடமை வேறு. தெரியாது செய்வது அறியாமை. தெரிந்தும் பொருட்படுத்தாது செய்வது மடமை. இவ்வேறுபாட்டை இக்கடற்கரையும் இவ்வேரிகளும் அண்மைக் காலத்தில் நமக்குக் கடுமையாகக் கற்பித்தன.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வருமுன் மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியது. நீருள் மறைந்திருந்த பாறைகள் வெளிப்பட்டன. பின்வாங்கிய கடல் பேரலையாகத் திரும்பும் என்பது நம் கரையில் பெரும்பாலோர்க்குத் தெரியாது. அது அறியாமையே, பழிக்கத் தக்கதன்று. இந்தோனேசியாவின் சிமெலுவே தீவினர்க்கோ அது தெரிந்திருந்தது. 1907இல் தம்மைத் தாக்கிய பேரலையை அவர்கள் 'ஸ்மோங்' என்று அழைத்து, கதையிலும் தாலாட்டிலும் அச்சொல்லைப் பேணி வந்தனர். 2004இல் நிலம் அதிர்ந்ததும் அச்சொல்லைக் கூவிக்கொண்டே மேட்டுக்கு ஓடினர். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் உயிரிழந்தோர் எழுவரே. ஒரு சொல்லை நினைவில் வைத்திருந்தது ஒரு தீவையே காத்தது.

நம்மிடமும் அத்தகைய சொற்கள் இருந்தன. தாங்கல், ஏரி, மதகு, கலங்கல், போக்குக்கால்வாய் என்பன வெறும் பெயர்கள் அல்ல. இது நீர் வரும் இடம், வழியை விடுக என்னும் எச்சரிக்கைகள். பெயரின் இறுதியில் தாங்கலைக் கொண்ட ஊர்களில் நின்றுகொண்டே, இங்கு நீர் எப்படி வந்தது என்று வியக்கிறோம். 2015 டிசம்பர் முதல், இரண்டாம் நாட்களில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கின. நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007இலேயே தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ஆகவே அங்குக் குறைந்தது அறிவன்று. கோடையில் வறண்ட வாய்க்காலைக் கண்டு, ஆறு உறங்குகிறது என்று முடிவு கட்டினோம். பரமார்த்த குருவின் சீடர் அவிந்த கொள்ளியால் சோதித்தாற்போல, மழையில்லாத மாதத்தில் மனையைப் பார்த்துவிட்டு வீடு கட்டினோம்.

வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து மனை வாங்கிய எளியோரை இதற்காக மடையர் என்பது நீதியன்று. வாய்க்காலை மனையாக வரைந்தோர், விற்றோர், ஒப்புதல் அளித்தோர், கண்டும் வாளாவிருந்தோர் எனப் பலர் அதில் உளர். நெகிழிப் பையை மழைநீர் வடிகாலில் எறிந்துவிட்டு வெள்ளத்துக்குப் பிறரைப் பழிப்போரும் அதில் அடங்குவர். கணக்கெடுக்கும்போது நம் தலையையும் எண்ணினால்தான் எண்ணிக்கை சரியாகும்.

வசையும் பண்பும்

மொழியில் வசைச்சொற்கள் பலவழியில் வந்து சேர்கின்றன. சென்னை, செங்கல்பட்டு வீதிகளில் வழங்கும் 'பேமானி', உருதுவின் வழியே வந்த 'பே ஈமான்' என்பதன் திரிபு. ஈமான் என்றால் நம்பிக்கை. அஃது இல்லாதவன், நாணயமற்றவன் என்பது பொருள். அதனைக் கூவுவோர் பலர்க்கு அதன் கடுமை தெரியாது. பொருள் தெரியாது எறியப்படும் சொல்லும் காயப்படுத்தவே செய்யும்.

திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனம், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும் பட்டப்பெயரிட்டு இழிப்பதையும் தடுக்கிறது. பரிகசிக்கப்படுவோர் பரிகசிப்போரினும் மேலானவராக இருக்கக்கூடும் என்று அது காரணமும் கூறுகிறது. மடவாரைப் பொறுத்தலே வலிமை என்ற வள்ளுவர் வாக்கு இதற்கு அரண் செய்கிறது. ஆசிரியர் ஒருவர் மாணவனை 'மடையா' என அழைக்கும்போது பாடம் ஒன்று நடந்தேறுகிறது. ஆனால் அவன் கற்பது கணிதத்தையோ இலக்கணத்தையோ அன்று. தன்னால் இயலாது என்பதைக் கற்கிறான்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், அறிவிலியைக் குறிக்கும் மடையன் என்ற சொல் 'மட' என்னும் பழைய அடியினின்று தோன்றியது என்பதும், சமையற்காரனைக் குறிக்கும் மடையன் வேறு சொல் என்பதும், ஏரிமடை திறந்தோர் கதை சொற்பிறப்புக்குச் சான்றாகாது என்பதும் பெறப்பட்டன. மடமை பிறப்பாலோ தொழிலாலோ வருவதன்று; தெரிந்ததை மறப்பதாலும், தன்னை எண்ணாது விடுவதாலும் வருவது என்பதும் தெளிவாயிற்று.

மாணவர் இதனை ஏட்டளவில் நிறுத்திவிடலாகாது. உங்கள் ஊர் ஏரியின் பெயர் என்ன, அதன் மடைகள் எத்தனை, கலங்கல் எங்கே உள்ளது, மிகைநீர் எந்த ஏரிக்குச் செல்கிறது, முன்னாளில் நீர் பாய்ச்சியவரை ஊரார் என்ன பெயரால் அழைத்தனர் என்று முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். விடை கூறத்தக்க பெரியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்களோடு அச்சொற்களும் மறையுமானால், அடுத்த பெருமழையில் ஆறு விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று அறிய நம் கையில் அவிந்த கொள்ளி ஒன்றே எஞ்சும்.